சென்னை விமான நிலையத்துக்குக் குறைந்த செலவில்: மெட்ரோவா, மின்சார ரயிலா, பேருந்தா, டாக்சியா?

சென்னை சென்ட்ரலில் இருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்கு மின்சார ரயிலில் பத்து ரூபாய் போதும். மெட்ரோவில் 40 ரூபாய். செயலி டாக்சியில் சாதாரண நேரத்தில் சுமார் 450 முதல் 650 ரூபாய் வரை ஆகும், மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் மேலே போகும். கட்டணத்தை மட்டும் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், மின்சார ரயில்தான். ஆனால் பத்து ரூபாயில் போக நினைத்து விமானத்தைத் தவறவிட்டால், அதே நாளில் வாங்கும் அடுத்த டிக்கெட் ஆயிரக்கணக்கில் வரும். அதனால் மூன்று விஷயங்களை இதே வரிசையில் பாருங்கள்: விமானம் எத்தனை மணிக்கு, கையில் எத்தனை பெட்டி, எங்கிருந்து கிளம்புகிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாதி வழிகள் கழிந்துவிடும்.

முதலில் கடிகாரம்

விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். உங்களுக்கான கெடு, பெட்டி போடும் கவுன்ட்டர் மூடும் நேரம். உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பும், வெளிநாட்டு விமானங்களுக்கு 60 முதல் 75 நிமிடம் முன்பும் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். கைப்பை மட்டும் கொண்டு, வீட்டிலேயே செக்-இன் முடித்துவிட்டவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு. அவர்களும் பாதுகாப்புச் சோதனை வரிசையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

இதைப் பின்னோக்கி எண்ணுங்கள். காலை 10.30-க்கு மதுரை விமானம், கையில் ஒரு பெரிய பெட்டி என்றால் கவுன்ட்டர் 9.30-க்கு மூடும். டெர்மினல் வாசலில் 8.30-க்கு நிற்பது நிம்மதி. சென்ட்ரலில் இருந்து மெட்ரோ என்றால் ரயிலுக்குள் 40 நிமிடம், நடைமேடையில் காத்திருப்பது 7 நிமிடம், உள்ளே நுழையும்போது பையை ஸ்கேனரில் போட்டு எடுத்து, சீட்டு வாங்குவது 8 நிமிடம், இறங்கி டெர்மினலுக்கு நடப்பது 10 நிமிடம். மொத்தம் 65 நிமிடம். ஆக, 7.25-க்குச் சென்ட்ரல் மெட்ரோ வாசலில் இருக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் இப்படி நான்காகப் பிரித்து எழுதிப் பாருங்கள். பலர் ரயிலுக்குள் இருக்கும் 40 நிமிடத்தை மட்டும் எண்ணிவிட்டு, மற்ற 25 நிமிடத்தைக் கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து, எந்த வண்டி எப்போது ஓடுகிறது என்பது. மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை. இந்த இரண்டு நேரமும் வழித்தடத்தின் முனை நிலையங்களில் ரயில் கிளம்பும் நேரம். நீங்கள் ஏறும் நிலையத்துக்கு முதல் ரயில் வரும் நேரம் வேறாக இருக்கலாம். வடசென்னையில் இருந்தோ நகரத்தின் நடுவில் இருந்தோ முதல் மெட்ரோவில் ஏறினால் டெர்மினலுக்குள் நுழைய 6 மணி ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சார ரயில் அதிகாலை 4 மணியளவில் ஓடத் தொடங்கி, நள்ளிரவு வரை ஓடுகிறது.

இதிலிருந்து விமான நேரப்படி முடிவு தானாக வருகிறது. காலை 7.30-க்குப் பிறகு கிளம்பும் உள்நாட்டு விமானம் எதற்கும் மெட்ரோ போதும். 7 மணி விமானம் என்றால் கைப்பையோடு போகிறவர்களுக்கு மட்டும், அதுவும் கிண்டி, ஆலந்தூர் போன்ற பக்கத்து நிலையங்களில் ஏறுகிறவர்களுக்கு மட்டும் சரிப்படும். 6 மணி விமானத்துக்கு மெட்ரோவை மறந்துவிடுங்கள். அதற்கு முதல் மின்சார ரயில் ஒட்டி ஒட்டாமல் பொருந்தும், டாக்சி சரியாகப் பொருந்தும்.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் வெளிநாட்டு விமானத்துக்கு டாக்சிதான் என்று பலர் எடுத்த எடுப்பில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரு நிமிடம் நின்று கணக்குப் பாருங்கள். 12.30 முதல் 2.30 வரை கிளம்பும் விமானத்துக்கு எப்படியும் மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேரத்தான் வேண்டும். விமான நேரத்தைப் பொறுத்து இரவு 8.30 முதல் 10.30 வரை ஓடும் மெட்ரோ அதற்குக் கச்சிதம். உண்மையில் சிக்கலானவை அதிகாலை 3 முதல் 6.30 வரை கிளம்பும் விமானங்கள். கடைசி மெட்ரோவில் போனால் நாற்காலியில் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும், முதல் மெட்ரோவோ உதவாது. இந்த நேரத்துக்கு டாக்சிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவாக நினைக்காதீர்கள்.

மெட்ரோ: பெரும்பாலானோருக்கு இதுதான்

விம்கோ நகர் பணிமனையில் இருந்து வரும் நீல வழித்தடம் விமான நிலைய வளாகத்துக்குள்ளேயே முடிகிறது. இந்த நிலையம் 2016 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ரயிலை விட்டு இறங்கி, மேம்பால நடைபாதையில் நகரும் தளங்கள் வழியாக டெர்மினல்களுக்குப் போகலாம். வெயிலிலோ மழையிலோ நடக்க வேண்டியதில்லை. லிஃப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. சக்கரம் வைத்த ஒரு பெட்டியும் முதுகுப் பையுமாகப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

கட்டணம் தூரத்துக்கு ஏற்ப 10 ரூபாயில் இருந்து அதிகபட்சம் 50 ரூபாய் வரை. சென்ட்ரலில் இருந்தும் கோயம்பேட்டில் இருந்தும் 40 ரூபாய். கவுன்ட்டரில் சீட்டு வாங்காமல் கைபேசியில் க்யூஆர் சீட்டு எடுத்தாலோ, சிங்காரச் சென்னை பயண அட்டையை நுழைவாயிலில் தட்டினாலோ 20 சதவீதம் தள்ளுபடி. 40 ரூபாய் 32 ஆகிவிடும். நான்கு பேர் போனால் 32 ரூபாய் மிச்சம், கவுன்ட்டர் வரிசையும் மிச்சம். 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்தே ஒரு சீட்டு எடுக்கலாம். இரண்டு வண்டி மாறிப் போகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

மெட்ரோவில் தவறுவது எங்கே என்றால், பெரும்பாலும் ஏறும் ரயிலில். நெரிசல் நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் நடுவில் மட்டும் ஓடும் ரயில்களை இடையிடையே விடுகிறார்கள். அந்த நேரத்தில் நடைமேடைக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும், ஆனால் எல்லாமே விமான நிலையம் போகாது. பலகையில் கடைசி நிலையம் எது என்று பார்த்து ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் பதற வேண்டாம், ஆலந்தூரில் இறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ஆறு ஏழு நிமிடம் போகும், அவ்வளவுதான்.

சென்ட்ரலில் இன்னொரு குழப்பம் உண்டு. அங்கே நீலம், பச்சை இரண்டு வழித்தடமும் இருக்கின்றன. பச்சை வழித்தடம் எழும்பூர், அண்ணா நகர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றிப் பரங்கிமலைக்குப் போகிறது. பச்சையில் ஏறியவர்கள் ஆலந்தூரில் இறங்கித் தளம் மாறி நீல ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும். கோயம்பேடு வழியாக நேரே விமான நிலையம் போகும் ரயில்களும் உண்டு, வந்தால் ஏறிக்கொள்ளலாம், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். சென்ட்ரலில் ஏறுகிறவர்கள் நீலத்தில் போவதே நேர்வழி.

மூன்றாவது குழப்பம் பெயரால் வருவது. ஊரார் வாயில் இன்றைக்கும் அது மீனம்பாக்கம் ஏர்போர்ட்தான். மெட்ரோவில் மீனம்பாக்கம் என்று ஒரு நிலையம் இருக்கிறது, மின்சார ரயிலிலும் இருக்கிறது. இரண்டிலுமே இறங்கக் கூடாது. மெட்ரோவில் அதற்கு அடுத்த கடைசி நிலையம்தான் விமான நிலையம். மின்சார ரயிலில் இறங்க வேண்டியது திரிசூலம். வெளியூரில் இருந்து தனியாக வரும் பெரியவர்களுக்கு வழி சொல்லும்போது 'மீனம்பாக்கத்தில் இறங்குங்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் 'திரிசூலம்' என்று எழுதிக் கொடுப்பது நல்லது.

மெட்ரோவின் எல்லை எதுவென்றால், பெரிய பெட்டிகளும் நெரிசல் நேரமும். காலை 8 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டியோடு ஏறுவது உங்களுக்கும் கஷ்டம், கூட நிற்பவர்களுக்கும் கஷ்டம். ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டி என்ற அளவைத் தாண்டினால் டாக்சி பக்கம் யோசியுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ரயில்களுக்கு இடையே 15 நிமிட இடைவெளி விழும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்சார ரயில்: தாம்பரத்தில் இறங்குகிறவர்களுக்கு வரப்பிரசாதம்

கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டுத் தடத்தில் திரிசூலம் நிலையம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. நடுவில் ஜி.எஸ்.டி. சாலை. அதன் அடியில் நடப்பவர்களுக்கான சுரங்கப்பாதை இருக்கிறது. நடைமேடையில் இருந்து டெர்மினல் வாசல் வரை 10 முதல் 15 நிமிட நடை. கட்டணம் தூரத்தைப் பொறுத்து 5 அல்லது 10 ரூபாய். இந்தியாவின் பெருநகர விமான நிலையங்களில் இவ்வளவு குறைந்த காசில் வாசல்வரை வந்து சேர முடிகிற இடம் அரிது. அந்த அருமை சென்னைக்காரர்களில் பலருக்கே தெரியாது.

தெற்கே இருந்து ரயிலில் வருகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பாண்டியன், பொதிகை, நெல்லை விரைவு ரயில்கள் எல்லாம் தாம்பரத்தில் நிற்கின்றன. எழும்பூர் வரை போய், அங்கிருந்து திரும்பி விமான நிலையத்துக்கு வருவது வெட்டி அலைச்சல். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம். கால் மணி நேரம், 5 ரூபாய். ஊர் ரயிலுக்கு எடுத்த முன்பதிவுச் சீட்டைக் காட்டி இதில் ஏற முடியாது, தனிச் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 250 ரூபாயில் தொடங்குகிறது.

சீட்டு எடுப்பதில் ஒரு நுணுக்கம். ரயில்வே செயலியில் காகிதமில்லாச் சீட்டு எடுப்பதாக இருந்தால் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முயன்றால் செயலி அனுமதிக்காது. பரிசோதகரைப் பார்த்த பிறகு சீட்டு எடுப்பதைத் தடுப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மறந்துவிட்டால் நிலையத்தில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து எடுக்கலாம், அல்லது தானியங்கி இயந்திரத்தில் எடுக்கலாம்.

நெரிசலைப் பொறுத்தவரை எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதுதான் எல்லாம். காலையில் கூட்டம் தாம்பரத்தில் இருந்து நகரத்துக்குள் போகும், மாலையில் திரும்பும். அதனால் காலை 9 மணிக்கு எழும்பூரில் இருந்து திரிசூலம் போகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். அதே நேரத்தில் தாம்பரத்தில் இருந்து வருகிறவர் பெட்டியோடு ஏறவே திணறுவார். மாலை 6 மணிக்கு இது அப்படியே தலைகீழ். கூட்டத்தோடு சேர்ந்து போக வேண்டிய நேரம் என்றால், ரயில் புறப்படும் நிலையத்திலேயே ஏறப் பாருங்கள், அல்லது நெரிசலுக்கு முன்பே கிளம்புங்கள். இறங்கும்போதும் கவனம் வேண்டும். திரிசூலத்தில் ரயில் அரை நிமிடம்தான் நிற்கும். முந்தைய நிலையத்திலேயே வாசலுக்கு நகர்ந்து நின்றுகொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் இருந்து இதே தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். நாளுக்குச் சில முறைதான் வரும் என்பதால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நேரம் ஒத்துவந்தால் ஏறலாம். நீண்ட தூரம் போகும் விரைவு லோக்கல் ரயில்களில் சில திரிசூலத்தில் நிற்பதில்லை, அறிவிப்பைக் கேட்டு ஏறுங்கள்.

இந்த வழியில் உண்மையான ஆபத்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவுகளிலும் வருகிறது. பராமரிப்புப் பணிக்காக அடிக்கடி ரயில்களை ரத்து செய்வார்கள். பத்து நிமிடத்தில் வர வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் வராமல் போகலாம். ஞாயிறன்று இதை நம்பிக் கிளம்பும் முன் முதல் நாளே தெற்கு ரயில்வேயின் அறிவிப்பைப் பாருங்கள். இன்னொன்று படிக்கட்டு. மேம்பாலம், சுரங்கப்பாதை என்று ஏறி இறங்க வேண்டும். தன் பெட்டியைத் தானே தூக்கி இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குத்தான் திரிசூலம். முட்டிவலி உள்ளவர்களையும், கைக்குழந்தையோடு போகிறவர்களையும் இந்த வழியில் அனுப்பாதீர்கள். அவர்கள் கிண்டி வரை மின்சார ரயிலில் வந்து அங்கே மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம்.

பேருந்து: கிளாம்பாக்கத்துக்குப் பிறகு

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் கோயம்பேடு வரை வராமல் அங்கேயே நிற்கின்றன. கிளாம்பாக்கத்தில் இருந்து விமான நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில் நேராக 16, 17 கிலோமீட்டர். கோயம்பேடு போகும் 70வி, பிராட்வே போகும் 21ஜி போன்ற மாநகரப் பேருந்துகள் விமான நிலையத்தின் முன்னால்தான் போகின்றன.

இதில் ஒரு அனுகூலம் உண்டு. தாம்பரம் பக்கமிருந்து வரும் பேருந்து உங்களை விமான நிலையம் இருக்கும் பக்கத்திலேயே இறக்கிவிடும், சாலையைக் கடக்க வேண்டாம். கிண்டி பக்கமிருந்து வந்தால் எதிர்ப்பக்கம், திரிசூலம் நிலையத்தின் பக்கம் இறங்குவீர்கள். அப்போது சுரங்கப்பாதை வழியாகத்தான் போக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே கடக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வெள்ளைப் பலகைப் பேருந்தாகப் பார்த்து ஏறினால் கிளாம்பாக்கத்தில் இருந்து விமான நிலையம் வரை ஒரு பைசா செலவில்லை. சொகுசுப் பேருந்துக்கும் குளிர்சாதனப் பேருந்துக்கும் இது பொருந்தாது. பெரிய பெட்டி என்றால் நடத்துநர் அதற்குத் தனிச் சீட்டு கேட்கலாம்.

பேருந்தின் பலவீனம் நேரம். அதிகாலையில் கிளாம்பாக்கத்தில் இருந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். காலை 8 மணிக்குப் பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று வந்தால் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகும். தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்து எல்லோரும் ஊரில் இருந்து திரும்பும் நாளில் இந்தச் சாலையில் போவது சூதாட்டம். அன்றைக்குத் தாம்பரம் வரை பேருந்தில் வந்து அங்கிருந்து மின்சார ரயிலுக்கு மாறுங்கள். விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டருக்கு மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. அது வந்தால் இந்தப் பகுதியை மொத்தமாக மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

டாக்சி, ஆட்டோ: முழுத் தூரத்துக்கு வேண்டுமா?

டாக்சியின் விலையை ஆள் கணக்கில் வகுத்துப் பார்க்க வேண்டும். அண்ணா நகரில் இருந்து நான்கு பேர் போகும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மெட்ரோவில் க்யூஆர் சீட்டுக்கு 128 ரூபாய். வீட்டில் இருந்து மெட்ரோ நிலையத்துக்கு ஆட்டோ 100 ரூபாய். மொத்தம் 228. டாக்சி சுமார் 500. வித்தியாசம் 270 ரூபாய்தான். கையில் நான்கு பெரிய பெட்டி, கூடவே தாத்தா பாட்டி என்றால் அந்த 270 ரூபாய்க்கு டாக்சி நிச்சயம் தகும். அதே வீட்டில் இருந்து ஒருவர் மட்டும் தோள்பையோடு போனால், நடந்து போய் மெட்ரோ ஏறினால் 32 ரூபாய். அவர் டாக்சிக்குப் போவது வீண்.

பலரும் கவனிக்காத வழி, டாக்சியையோ ஆட்டோவையோ பாதித் தூரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது. மயிலாப்பூரில் இருந்து விமான நிலையத்துக்கு நேராகப் போகாமல் நந்தனம் மெட்ரோவுக்கு ஆட்டோவில் போங்கள். அடையாறில் இருந்தால் சின்னமலை. வேளச்சேரியில் இருந்தால் கிண்டி. போரூரில் இருந்தால் மவுன்ட் – பூந்தமல்லி சாலையில் கத்திப்பாரா வரை வந்து ஆலந்தூரில் ஏறலாம். தி.நகருக்கு மாம்பலம் மின்சார ரயிலே போதும். செலவு பாதியாகக் குறையும். கிண்டிக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே மாலையில் ஊர்ந்து போகும் ஜி.எஸ்.டி. சாலையில் மாட்டிக்கொள்ளவும் மாட்டீர்கள். பழைய மகாபலிபுரம் சாலைக்காரர்களுக்கு மட்டும் இது உதவாது. அவர்களுக்குத் துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடிச் சாலைதான் குறுக்குவழி. அதில் பல்லாவரம் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து ஒரே ஒரு நிலையம் மின்சார ரயிலில் வந்தால் திரிசூலம்.

ஆட்டோ கட்டணத்தை அரசு 2013-ல் நிர்ணயித்தபோது முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு என்று வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் கட்டணத்தில் வண்டி ஓட்ட யாரும் சம்மதிப்பதில்லை. எரிபொருள் விலை ஏறிய பிறகு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு செயலி காட்டும் தொகையைப் பார்த்துவிட்டு, அதையொட்டிப் பேசி ஏறுவது நடைமுறைக்கு ஒத்து வரும்.

அதிகாலை விமானத்துக்கு டாக்சி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செயலியில் முந்தைய இரவே நேரம் குறித்துவிட்டால் வண்டி உறுதி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் குறித்த நேரத்துக்குச் சற்று முன்புதான் ஓட்டுநரைத் தேடத் தொடங்கும். 3.30 மணிக்குப் பக்கத்தில் வண்டியே இல்லாமல் போகலாம், வந்தவரும் ரத்து செய்யலாம். தேவையான நேரத்துக்கு 45 நிமிடம் முன்பாகவே குறித்துக்கொள்ளுங்கள். அல்லது உங்கள் பகுதியில் தொலைபேசியில் பதிவு செய்யும் கால் டாக்சியிடம் முதல் நாள் மாலையே சொல்லி, ஓட்டுநரின் எண்ணை வாங்கி வையுங்கள். அதில் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் வண்டி வருமா வராதா என்று ஜன்னலைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஓட்டுநரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொல்லாமல் டெர்மினலைச் சொல்லுங்கள். டெர்மினல் 1, 4 இரண்டும் உள்நாட்டு விமானங்களுக்கு, டெர்மினல் 2 வெளிநாட்டு விமானங்களுக்கு. சீட்டில் எண் அச்சிட்டிருக்கும். உள்நாடு என்று பொதுவாகச் சொல்லி, 1-க்குப் பதில் 4-ல் இறங்கிவிட்டு பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுபவர்களைத் தினமும் அங்கே பார்க்கலாம். புறப்பாடு வாசலில் வண்டி நிற்கச் சில நிமிடங்களே இலவசம். வழியனுப்புவதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு, இறக்கிவிட்டவுடன் வண்டியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலே சொன்ன வரிசை மாறிவிடும். கனமழை பெய்தால் டாக்சி கிடைக்காது, கிடைத்தாலும் கட்டணம் இரட்டிப்பாகும், சாலையும் தேங்கிவிடும். தண்டவாளத்தில் நீர் ஏறினால் மின்சார ரயிலை நிறுத்திவிடுவார்கள். நிலத்தடியிலும் தூண்களின் மேலும் ஓடும் மெட்ரோதான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயலின்போது பரங்கிமலை மெட்ரோ நிலையத்தின் வாசலில் வெள்ளம் நின்றது, ஆனாலும் மெட்ரோ ஓடியது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் எவ்வளவு பெட்டி இருந்தாலும் பக்கத்து மெட்ரோ நிலையத்துக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுங்கள். கிளம்பும் முன் விமானம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். மிக்ஜாம் அன்று விமான நிலையமே மூடப்பட்டது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் சில நாட்கள் மூடிக் கிடந்தது.

திரும்பி வரும்போது

வந்து இறங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான், ஒரு மாற்றத்தோடு. பெட்டி வரக் காத்திருக்கும் நேரத்தை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. இரவு 10 மணிக்கு மேல் தரையிறங்கும் விமானத்தில் பெட்டி போட்டிருந்தால் கடைசி மெட்ரோவை எதிர்பார்க்காதீர்கள். கைப்பை மட்டும் என்றால் 10.30 வரை தைரியமாக இருக்கலாம். பண்டிகைக்கு முந்தைய இரவுகளில் சில சமயம் நள்ளிரவு வரை மெட்ரோவை நீட்டிப்பார்கள், அதை அன்றைய அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ போய்விட்டால் நள்ளிரவு வரை திரிசூலத்தில் மின்சார ரயில் உண்டு. தாம்பரம் போய் ஊருக்குப் பேருந்தோ ரயிலோ பிடிக்கிறவர்களுக்கு அது போதும்.

செயலி டாக்சிகள் டெர்மினல் வாசலுக்கு வராது. 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு வாகன நிறுத்தத்தில்தான் ஏற வேண்டும், பெட்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். விமானத்தில் இருந்து இறங்கியதுமே வண்டி குறித்துவிடாதீர்கள். பெட்டி கைக்கு வந்து, நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கிய பிறகு குறியுங்கள். முன்கூட்டியே குறித்தால் ஓட்டுநர் காத்திருந்து சலித்து ரத்து செய்வார், அடுத்த வண்டிக்கு மறுபடி வரிசை, கட்டணமும் ஏறியிருக்கும்.